பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்: பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியவை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் இளைய வியாபாரிகளாகிய எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, பிள்ளைகளின் மேற்படிப்பு. படித்த பெரியவர்கள் பலர் இருக்கும் சபையில், பொலிடெக்னிக் டிப்ளோமாவோடு கடைக்கு வந்துவிட்ட எங்களைப் பேசச் சொன்னதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். தேர்வு முடிவு வந்த வாரத்தில் அத்தாமார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவது எங்கள் கடைகளுக்குத்தான். "தம்பி, பாரம் நிரப்ப இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது, என்ன போடலாம்?" என்று கேட்பார்கள். கடையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, மறுகண்ணால் கணினியைப் பார்த்துப் பல குடும்பங்களோடு உட்கார்ந்திருக்கிறோம். அதில் நாங்கள் கண்டதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் உங்கள் முன் வைக்கிறோம்.

மலாக்காவில் நம் மக்கள் வியாபாரத்துக்குப் புதியவர்கள் அல்லர். 1748-ல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலே அதற்குச் சாட்சி. பிற்காலத்தில் வந்த நம் பாட்டனார்கள் மலாக்கா பட்டணத்தோடு நிற்காமல் அலோர் காஜா, ஜாசின், மஸ்ஜித் தானா வரை போனார்கள். காடேக், தெபோங், பத்தாங் மலாக்கா, மெர்லிமாவ் தோட்டங்களை ஒட்டி மளிகைக் கடை வைத்தார்கள். தோட்ட மக்களுக்குப் பற்று எழுதி, சம்பள நாளில் கணக்குத் தீர்த்தார்கள். அந்தக் கடைகளின் பிள்ளைகளும் அந்தத் தோட்டங்களின் பிள்ளைகளும் இன்று ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே தேர்வை எழுதுகிறார்கள். ஆகவே நாங்கள் சொல்வது நம் ஜமாஅத்துக்கு மட்டுமான பேச்சு அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதைச் சொல்லுங்கள்.

நாங்கள் சொல்ல வந்தது ஒன்றே. பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது வெளியே வரும் வாசலிலிருந்து பின்னோக்கிப் பார்த்து வர வேண்டும். படித்து முடித்த பிள்ளையை யார் ஏற்றுக்கொள்வார்கள்? படிக்கும்போது வழி மாற இடம் உண்டா? உள்ளே நுழைய என்னென்ன வேண்டும்? எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு எவ்வளவு? இந்த நான்கு கேள்விகளையும் இதே வரிசையில் கேட்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பெயர் முதலில் வருகிறது, அடுத்து பட்டத்தின் பெயர் வருகிறது. மற்றவையெல்லாம் பிள்ளை சேர்ந்த பிறகுதான் தெரிய வருகின்றன. கடைக்குச் சரக்கு எடுக்கும்போது மூட்டையின் மேல் அச்சடித்த பெயரை மட்டும் பார்த்து நாம் யாரும் பணம் கட்டுவதில்லை. மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடி எடுத்துப் பார்க்கிறோம். பிள்ளையின் நான்கு ஆண்டுகளுக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

வெளியே வரும் வாசல்

ஓர் உதாரணம் சொல்கிறோம். நம் டுரியான் துங்கலில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா, அதாவது யூ.டி.இ.எம்., 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 2007-ல் முழுப் பல்கலைக்கழகமானது. அதன் பாடப் பட்டியலில் 'பொறியியல்' என்று ஒரு பட்டம் இருக்கும், 'பொறியியல் தொழில்நுட்பம்' என்று இன்னொரு பட்டம் இருக்கும். மலாயில் 'கெஜூருத்தெராஆன்' என்றும் 'தெக்னொலொஜி கெஜூருத்தெராஆன்' என்றும் போட்டிருப்பார்கள். வீட்டில் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் வெளியே வரும்போது வாசல் வேறு.

முதலாவது பட்டம், உரிய அங்கீகாரம் பெற்றதாக இருந்தால், மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிவதற்கு வழி விடும். பிறகு அனுபவமும் தேர்வும் முடித்து 'ஐஆர்' என்ற அடைமொழியோடு நிபுணத்துவப் பொறியியலாளர் ஆகலாம். இரண்டாவது பட்டம் தொழில்நுட்பவியலாளர் என்ற பதிவுக்குக் கொண்டுபோகும். அதற்கென்று 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியமும் இருக்கிறது. இரண்டும் மதிப்புள்ள வழிகள். தொழிற்சாலையில் இயந்திரத்தோடு பழகி வேலை செய்ய விரும்பும் பிள்ளைக்கு இரண்டாவதே பொருத்தமாக இருக்கும். எந்த வழியில் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி, வேறு மாநிலத்தில் படித்தவர், மூன்றாம் ஆண்டில்தான் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டார். வீட்டில் எல்லாரும் அவரை 'இன்ஜினியர்' என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். அதை எப்படி மறுத்துச் சொல்வது என்று அவர் பட்ட சங்கடத்தை நாங்கள் பார்த்தோம்.

வெளிநாட்டுப் பட்டத்துக்கும் இதே கேள்விதான். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள 'வாஷிங்டன் உடன்பாடு' என்று ஓர் ஏற்பாடு 1989-ல் உண்டானது. கனடா தொடக்கத்திலேயே அதில் இருக்கிறது. மலேசியா 2009-ல் முழு உறுப்பினரானது. எனவே அங்கீகாரம் பெற்ற கனடியப் பொறியியல் பட்டமும், அங்கீகாரம் பெற்ற நம் ஊர்ப் பொறியியல் பட்டமும் அந்த உடன்பாட்டின் கண்ணில் ஒரே தரம். டொரொண்டோவுக்குப் போனால்தான் பொறியியலாளர், டுரியான் துங்கலில் படித்தால் குறைவு என்று நினைக்கும் அத்தாமாருக்கு இது தெரிய வேண்டும்.

மருத்துவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் கெட்டிக்காரப் பிள்ளை என்றாலே டாக்டர்தான். மலேசியாவில் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன் முடித்து நேராக மருத்துவத்தில் சேரலாம், ஐந்து ஆண்டுப் படிப்பு. கனடாவில் அப்படி இல்லை. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் முதலில் வேறு ஏதாவது பல்கலைக்கழகப் படிப்பைப் படித்த பிறகே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு மாணவருக்கு இடமோ மிகச் சிலவற்றில்தான். 'உயிரியல் படிக்கச் சேர்த்துவிடுங்கள், அப்படியே டாக்டராகிவிடலாம்' என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால், அந்த 'அப்படியே' என்ற சொல்லுக்குள் எத்தனை ஆண்டு, எத்தனை ஆயிரம் ஒளிந்திருக்கிறது என்று கேளுங்கள். நம் நாட்டிலும் நிலைமை மாறியிருக்கிறது. 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்டார்கள். 2021 ஜூலை 26-ல் ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றதை நாம் செய்தியில் பார்த்தோம். அதன்பின் அரசாங்கம் நிரந்தர இடங்களைக் கூட்டி வந்திருக்கிறது. இருந்தாலும், சேர்ந்தால் அரசாங்க வேலை கையில் என்ற பழைய கணக்கை வைத்துப் பிள்ளையைத் தள்ளாதீர்கள். நோயாளியோடு இருக்கும் வாழ்க்கையை விரும்பும் பிள்ளையை மட்டும் அனுப்புங்கள்.

படிக்கும்போது வழி மாற இடம் உண்டா?

இங்கேதான் கனடாவிலிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் கலை, அறிவியல் பிரிவில் சேரும் மாணவர் முதல் ஆண்டில் பல பாடங்களை எடுத்துப் பார்க்கிறார். முதலாண்டு முடிந்த பிறகே எதில் முதன்மைப் பாடம் என்று பதிகிறார். ஒரே துறையில் ஆழமாகப் போகலாம். இரண்டு துறைகளைச் சம அளவில் படிக்கலாம். ஒரு முதன்மைப் பாடத்தோடு இரண்டு துணைப் பாடங்களை எடுக்கலாம். பொறியியலிலும் 'டிராக் ஒன்' என்று, எந்தப் பொறியியல் என்று முடிவு செய்யாமலே முதலாண்டைப் படிக்கும் வழி உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பொறியியல் மாணவர் முதலாண்டைப் பொதுவாகப் படித்துவிட்டு இரண்டாம் ஆண்டில்தான் துறைக்குப் பிரிகிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு கண்டிப்பு இருக்கிறது. கணினி அறிவியல் போன்ற துறைகளில் இடம் அளவாகத்தான் இருக்கிறது. முதலாண்டில் வேறு பாடத்தில் சேர்ந்துவிட்டுப் பிறகு அதற்கு மாறிக்கொள்ளலாம் என்று நம்பிப் போனால், அந்தக் கதவு திறக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. எல்லாரும் தத்தம் பள்ளியில் முதல் மாணவராக இருந்தவர்கள். பள்ளியில் 90 வாங்கிய பிள்ளை அங்கே முதல் தேர்வில் 60 வாங்குவது அதிசயமில்லை. அந்தச் செய்தி தொலைபேசியில் வரும்போது இங்கே வீட்டில் என்ன சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் பிள்ளை நிற்கும், அல்லது உடையும். 'இவ்வளவு செலவு செய்தோமே' என்று தொடங்காதீர்கள்.

வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இன்னொரு முறை இருக்கிறது. 1957-ல் அது தொடங்கியபோதே கூட்டுறவுக் கல்வி என்ற ஏற்பாட்டோடு தொடங்கியது. பொறியியல் மாணவர் நான்கு மாதம் படிப்பார், நான்கு மாதம் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்வார், இப்படி மாறி மாறிப் போகும். படிப்பு முடிய ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகும். பிள்ளை வெளியே வரும்போது கையில் பட்டமும் இருக்கும், வேலை அனுபவமும் இருக்கும். பகலில் பள்ளி, மாலையில் அத்தாவின் கடை என்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த முறை அந்நியமாக இருக்காது. நம் பொலிடெக்னிக்குகளிலும் டிப்ளோமாவின் ஒரு பகுதியாகத் தொழிற்பயிற்சி உண்டு. பட்டப்படிப்பிலும் அது எத்தனை மாதம், யார் இடம் தேடித் தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நம் நாட்டில் பொதுவாகத் துறை முதல் நாளே முடிவாகிவிடுகிறது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் 12 தெரிவுகள் போடலாம். பலர் அதை ஒரே இரவில் நிரப்புகிறார்கள். கனடாப் பிள்ளைக்கு ஓராண்டு பார்த்து முடிவு செய்ய அவகாசம் கிடைக்கிறது. நம் பிள்ளைக்கு அந்த அவகாசம் வேண்டுமென்றால் படிவம் நான்கிலும் ஐந்திலும் நாம்தான் அதை உண்டாக்கித் தர வேண்டும்.

அதற்கு ஒரு வழி சொல்கிறோம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் படிப்புகளின் பாடத்திட்டத்தை வெளியிடுகிறது. எந்த ஆண்டில் என்னென்ன பாடம் என்று வரிசையாக இருக்கும். அதை அச்செடுத்துப் பிள்ளையின் கையில் ஒரு பென்சிலோடு கொடுங்கள். ஆசையாகப் படிக்கக்கூடிய பாடத்துக்கு ஒரு குறி, பயமாக இருக்கும் பாடத்துக்கு ஒரு குறி. ஒரு தங்கை எங்களிடம் வந்தபோது இரண்டு இடங்கள் அவளுக்குக் கிடைத்திருந்தன. ஒன்று வீட்டுக்குப் பக்கத்தில், மற்றொன்று வடக்கே தொலைவில். பட்டத்தின் பெயர் ஏறக்குறைய ஒன்றுதான். அத்தாவுக்குப் பக்கத்தில் இருப்பதே சரி என்று பட்டது. இரண்டு பட்டியலையும் வைத்துக் குறி போட்டபோது, தொலைவில் இருப்பதில் அவளுக்குப் பிடித்த புள்ளியியல் பாடங்கள் நிறைய இருந்தன. அவள் அத்தா பட்டியலை இரண்டு முறை பார்த்தார். "சரிம்மா, போறதுக்குக் காரணம் தெரிஞ்சு போறே" என்றார். அதே ஊரில் படிக்கும் இன்னொரு குடும்பத்துப் பெண்ணோடு தங்க ஏற்பாடானது. இன்று அவள் இரண்டாம் ஆண்டில் படிக்கிறாள். பெண் பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்புவதா என்ற கேள்விக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் இல்லை. பதில் எதுவானாலும், தூரத்தைப் பார்ப்பதற்கு முன் பாடத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

உள்ளே நுழைவதற்கு

இந்த வேலை படிவம் நான்கிலேயே தொடங்கிவிடுகிறது. 2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பெயர்கள் போய், பாடத் தொகுப்பு என்று வந்திருக்கிறது. பெயர் போனாலும் விளைவு போகவில்லை. கூடுதல் கணிதமும் இயற்பியலும் எடுக்காத பிள்ளைக்குப் பொறியியல் வாசல் பெரும்பாலும் அப்போதே மூடிவிடுகிறது. கடினம் என்று கூடுதல் கணிதத்தை விடும் முன் ஒருமுறை எங்களிடமாவது பேசுங்கள்.

எஸ்.பி.எம். முடிந்தபின் வழிகள் பல. எஸ்.டி.பி.எம். மூன்று தவணையாக நடக்கும், ஒன்றரை ஆண்டுப் படிப்பு. செலவு மிகக் குறைவு, மதிப்பு வெளிநாடு வரை உண்டு. மெட்ரிகுலேசன் கல்லூரி நம் மாநிலத்தில் லொண்டாங்கில் இருக்கிறது. அதில் பூமிபுத்ரா அல்லாதாருக்கு நீண்ட நாளாக 10 விழுக்காடு இடம்தான். 2024-ல் பிரதமர், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் என்று அறிவித்தார். யூ.ஐ.டி.எம். பூமிபுத்ரா மாணவருக்கானது. நம் குடும்பங்களில் அத்தா வழியிலோ அம்மா வழியிலோ மலாய் உறவு உள்ளவர்கள் இருக்கிறார்கள், இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குக் கிடைத்தது இன்னொரு வீட்டுக்குக் கிடைக்காமல் போகலாம். பிறப்புப் பத்திரத்தை எடுத்து முன்பே பார்த்துவிடுங்கள். கடைசி நாளில் மனம் உடைய வேண்டாம்.

பொலிடெக்னிக் வழியைச் சிலர் இன்னும் தோற்றவர்களின் வழியாக நினைக்கிறார்கள். மெர்லிமாவ் பொலிடெக்னிக்கும் மலாக்கா பொலிடெக்னிக்கும் நம் வாசலில் இருக்கின்றன. டிப்ளோமாவை நல்ல புள்ளியோடு முடித்தவர் அதே யூ.பி.யூ. வழியாகப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். சில பாடங்களுக்கு விலக்கும் கிடைக்கக்கூடும். எங்களைப் போல டிப்ளோமாவோடு கடைக்கு வந்தவர்களும் உண்டு, தொடர்ந்து படித்துப் போனவர்களும் உண்டு. இரண்டுக்கும் அந்தப் படிப்பு உதவியிருக்கிறது. 17 வயதில் முழு வெளிச்சம் வராத பிள்ளைக்கு அது நல்ல வழி.

தனியார் வழியில் புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. நாட்டின் முதல் தனியார் பல்கலைக்கழகம் நம் மலாக்காவில்தான் தொடங்கியது. கனடாவை உறுதியாகக் குறிவைக்கும் குடும்பங்களுக்கு, ஒண்டாரியோ மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சன்வே கல்லூரி போன்ற இடங்களில் இங்கேயே படிக்கலாம். ஆறு பாடங்கள், மதிப்பெண்ணில் பெரும்பங்கு ஆண்டு முழுக்கச் செய்யும் வேலைக்கு, மீதம் இறுதித் தேர்வுக்கு. ஒரே தேர்வில் பதறும் பிள்ளைக்கு இது பொருந்தலாம். எந்தத் தனியார் கல்லூரியானாலும், அந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

கணக்கு

வியாபாரிகளிடம் செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பிள்ளை விஷயத்தில் நாம் கணக்கை மறந்துவிடுகிறோம். டொரொண்டோவில் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 60,000 கனடிய டாலரைத் தாண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் ரிங்கிட். நான்கு ஆண்டு, தங்குமிடம், குளிர் உடை, விமானச் செலவு எல்லாம் சேர்த்துப் பாருங்கள். லெஸ்டர் பியர்சன் உதவித்தொகை கிடைத்தால் நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் தங்குமிடத்தையும் அதுவே ஏற்கிறது. அதற்குப் பள்ளிக்கூடம் பரிந்துரைக்க வேண்டும். உலகம் முழுவதும் போட்டியிட்டுச் சிலருக்கே கிடைக்கும். முயன்று பாருங்கள், அதை நம்பிக் கடையை அடகு வைக்காதீர்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்தவருக்கே முழுக் கையிருப்பும் போனால், கடைசிப் பெண்ணுக்கு மிஞ்சுவது ஆறுதல் வார்த்தைதான்.

உள்நாட்டில் அரசாங்கப் பல்கலைக்கழகச் செலவில் பெரும்பங்கை அரசாங்கமே தாங்குகிறது. பி.டி.பி.டி.என். கடனைப் பற்றி நம் பெரியவர்களுக்கு வட்டி குறித்த தயக்கம் இருந்தது, நியாயமான தயக்கம். இப்போது அது ஊஜ்ரா என்ற சேவைக் கட்டண முறையில், ஆண்டுக்கு 1 விழுக்காடாக நடக்கிறது. முதல் வகுப்பில் தேறியவருக்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கும் உண்டு. மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுத் தெளியுங்கள். தெரியாத பயத்தினால் மட்டும் படிப்பை நிறுத்தாதீர்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஐம்பது ஆண்டுகளில் இந்தச் சங்கம் எத்தனையோ காரியங்களைச் செய்திருக்கிறது. இன்னும் ஒன்று செய்ய வேண்டும். நம் குடும்பங்களில் யார் எங்கே என்ன படித்தார்கள் என்று ஒரு பதிவேடு வேண்டும். ஒரு துறையில் படித்த அண்ணனோ அக்காவோ அரை மணி நேரம் பேசினால், அது நாங்கள் கடையில் உட்கார்ந்து சொல்லும் பத்து வார்த்தைக்கு மேல். ஆண்டுக்கு ஒருமுறை, தேர்வு முடிவு வரும் முன்பே, படிவம் நான்கு பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டி வைத்துப் பேச வேண்டும். தோட்டப்புறப் பிள்ளைகளையும் அழைக்க வேண்டும். இடம் கிடைத்தும் முதல் தவணைக்குக் கையில் காசில்லாமல் நிற்கும் பிள்ளைக்கு உடனே கொடுக்க ஒரு சிறு நிதி வேண்டும். அந்த நிதிக்கு முதல் பங்கை நாங்கள் தருகிறோம். அதோடு, பாரம் நிரப்பும் வாரத்தில் எங்கள் கடைக் கதவு எப்போதும்போல் திறந்திருக்கும்.

நம் பாட்டனார்கள் எழுத்தறிவு குறைவாக இருந்தும் கணக்கில் பிசகாதவர்கள். எந்தச் சரக்கு எந்தச் சந்தைக்குப் போகும் என்று தெரியாமல் ஒரு படகில்கூட ஏற்றியதில்லை. அந்த நிதானத்தோடு நம் பிள்ளைகளை அனுப்புவோம். அல்லாஹ் அவர்களுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைக்கொண்டு பிறருக்கு உதவும் மனத்தையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.